எது சேஃப்ண்ணே?

போன ஆடி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். மதுரை கீழமாசி வீதியில் பருப்பு மண்டி வைத்திருப்பவரின் மகன், டிவிஎஸ் எக்ஸ்எல்லின் முன்பக்கம் ஒரு சிபியூவைச் சாக்கில் சுற்றி நிற்க வைத்துக்கொண்டு வந்து இறங்கினான். ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினால் தீருகிற கேஸ் இல்லை இது என்று அவன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"எல்லா ஃபைல் பேருக்குப் பின்னாடியும் நாலு எழுத்து புதுசா ஒட்டிக்கிட்டு இருக்குண்ணே. எதுவும் திறக்க மாட்டேங்குது."

மாட்டி ஆன் செய்து பார்த்தேன். டேலி டேட்டா, பில், பாட்டி அறுபதாம் கல்யாண போட்டோ, ஜிஎஸ்டி ரிட்டர்ன், எல்லாவற்றின் வாலிலும் அதே நாலு எழுத்து. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல்: உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், சாவி 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை, 490. ஆடித் தள்ளுபடி அவர்களும் போடுகிறார்கள் போல. இந்த ரகத்துக்கு ஸ்டாப் என்றும் டிஜேவியூ என்றும் பேர். பல வருஷமாகச் சுற்றுகிறது. பெரிய கம்பெனிகளைத் தேடிப் போகாது, நம்மைப் போன்ற ஆட்களுக்காகவே செய்த சரக்கு. பெரும்பாலும் ஒரே வழியாகத்தான் வரும், காசு கொடுக்காமல் ஓட்டுவதற்காகப் பூட்டை உடைத்த மென்பொருள், அதாவது கிராக். அதனால் நேராகவே கேட்டேன்.

"கிராக் ஏதும் போட்டியா?"

கொஞ்ச நேரம் ஷட்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். "பில்லுக்கு லோகோ டிசைன் பண்ண ஒரு சாஃப்ட்வேர்ண்ணே. யூடியூப்ல லிங்க் குடுத்திருந்தாங்க. ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டுத்தான் போடணும்னு சொல்லியிருந்துச்சு, கரெக்டா ஆஃப் பண்ணிட்டுத்தாண்ணே போட்டேன்."

அந்த 'கரெக்டா'வில் இருந்த நேர்மையை இன்னும் மறக்க முடியவில்லை. பேக்கப் ஹார்ட் டிஸ்க் ஒன்றும் இருந்தது. அது சிபியூவுக்குப் பின்னால் வருஷம் முழுக்க மாட்டியே கிடந்ததால் அதற்கும் அதே நாலு எழுத்து. இந்த வைரஸின் பழைய ரகங்கள் சிலவற்றுக்கு மாற்றுச் சாவி கண்டுபிடித்திருக்கிறார்கள், இவனுக்கு வந்ததற்கு இல்லை. கடைசியில் காப்பாற்றியது ஆடிட்டர் ஆபீஸ் பென்டிரைவில் கிடந்த மார்ச் மாசக் கணக்கு. மீதி நாலு மாசத்தை அவனும் அவன் அக்காவும் உட்கார்ந்து பில் புக்கைப் பார்த்துத் திரும்ப ஏற்றினார்கள்.

கிளம்பும்போது கேட்டான்: "லினக்ஸ் போட்டுட்டா இதெல்லாம் வராதுல்லண்ணே? எது சேஃப்ண்ணே, விண்டோஸா, லினக்ஸா, மேக்கா?"

லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச சிஸ்டம், மேக் ஆப்பிளுடையது. "லினக்ஸ்ல வராது" என்றேன். அடுத்த ஆள் லேப்டாப்போடு நின்றிருந்தார், அதனால். ஆனால் அந்த 'வராது' ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் இதே வேலை பார்க்கிறவன் அப்படி ஒற்றை வார்த்தையில் சொல்லியிருக்கக் கூடாது. அவனுக்கு அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்தான், டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

2003-ல் காளவாசல் பக்கம் ஒரு பிரௌசிங் சென்டரில் இருந்தேன். ஒன்பது மெஷின். ஆறில் விண்டோஸ் 98, புதிதாக வாங்கிய மூன்றில் எக்ஸ்பி. விண்டோஸ் 98-ல் பாதுகாப்பு என்று பேசவே ஒன்றும் கிடையாது. பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியில் எஸ்கேப் பட்டனைத் தட்டினால் போதும், உள்ளே போய்விடலாம். இந்த ஃபைல் இவருக்கு, அந்த ஃபைல் அவருக்கு என்ற பாகுபாடே அதன் டிஸ்க் அமைப்பில் இல்லை. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வெளி வீதியில் கால் வைத்தவன் மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி எதையும் தாண்டாமல் நேரே கருவறையில் நிற்கிற மாதிரி. எக்ஸ்பி அப்படி இல்லை, அது என்டி என்ற வேறு பரம்பரை, யாருக்கு எதுவரை உரிமை என்று பிரித்துவைக்கத் தெரிந்த சிஸ்டம்.

அந்த வருஷம் ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வைரஸ் வந்தது. நெட் கனெக்‌ஷன் எடுத்திருந்த எக்ஸ்பி மெஷினில் முதலில் ஒரு பெட்டி தோன்றி, சிஸ்டம் மூடப்போகிறது என்று 60-ல் இருந்து இறங்க ஆரம்பித்தது. 59, 58, 57. கஸ்டமர் என்னைப் பார்க்கிறார், நான் பெட்டியைப் பார்க்கிறேன். தானாக ஆஃப் ஆகி, ஆன் ஆகி, மறுபடி 60. கொஞ்ச நேரத்தில் மற்ற இரண்டு எக்ஸ்பியும் அதே கணக்கை எண்ண ஆரம்பித்தன. பக்கத்தில் அந்தத் திறந்த வீடு விண்டோஸ் 98 ஆறும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. காரணம் எளிது. பிளாஸ்டர் நுழைந்த ஓட்டை, நெட்வொர்க் வழியாக அடுத்த மெஷினின் பேச்சைக் கேட்டு வேலை செய்கிற ஒரு சர்வீஸில் இருந்தது. 98-ல் அந்த ஓட்டை கிடையாது.

நல்ல சிஸ்டம் விழுந்து மட்டமான சிஸ்டம் நின்றதை அன்றைக்கு நான் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, எவ்வளவு கெட்டிச் சுவர் கட்டினாலும் எத்தனை ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம் என்பது தனிக் கணக்கு. எக்ஸ்பியிலும் ஃபயர்வால் இருந்தது. ஆனால் தானாக ஆன் ஆகியிருக்காது, 2004 ஆகஸ்டில் சர்வீஸ் பேக் 2 வந்த பிறகுதான் ஆன் ஆகியே வர ஆரம்பித்தது. இன்னொன்று, பிளாஸ்டர் நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் ஜூலை மாசமே கொடுத்துவிட்டது. நாங்கள் போடவில்லை. பதினாலு வருஷம் கழித்து, 2017 மே 12-ல் வான்னாக்ரை என்ற பூட்டு வைரஸ் வந்து 150 நாடுகளில் ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்று பூட்டிவிட்டுப் போனபோதும் கதை அச்சு அசலாக அதேதான். பேட்ச் மார்ச் 14-லேயே வந்திருந்தது. அதில் மாட்டியது பெரும்பாலும் விண்டோஸ் 7, அதாவது பேட்ச் போட்டிருந்தால் தப்பித்திருக்கக்கூடிய மெஷின்கள். அந்த ஓட்டையைக் கண்டுபிடித்துத் தன் உளவு வேலைக்காகப் பொத்தி வைத்திருந்து, பிறகு பறிகொடுத்தது அமெரிக்காவின் என்எஸ்ஏ என்பது வேறு ஒரு வயிற்றெரிச்சல்.

பிளாஸ்டருக்கு அப்புறம் பென்டிரைவ் காலம். போட்டோ ஸ்டுடியோ, காலேஜ் லேப், ஜெராக்ஸ் கடை, மூன்றும் சேர்ந்து மதுரைக்கே வைரஸ் சப்ளை செய்த வருஷங்கள் அவை. ஃபோல்டர் படம் போட்ட ஐகான் ஒன்று இருக்கும், டபுள் கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும், கூடவே உள்ளே ஒருத்தன் குடியேறியும் இருப்பான். அது ஃபோல்டரே இல்லை, புரோகிராம். பேருக்குப் பின்னால் இருந்த 'டாட் ஈஎக்ஸ்ஈ'யை விண்டோஸ் மறைத்து வைத்திருந்ததால் யாருக்கும் தெரியாது. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று எடுத்த முடிவு. இன்றைக்கும் அப்படித்தான் மறைத்து வைத்திருக்கிறார்கள், நான் கைக்கு வருகிற ஒவ்வொரு மெஷினிலும் முதல் வேலையாக அதை மாற்றிவிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் உபுண்டு என்ற லினக்ஸ் சிடி கைக்கு வந்தது. அப்போதெல்லாம் விலாசம் கொடுத்தால் போஸ்ட்டிலேயே இலவசமாக சிடி அனுப்புவார்கள், பழுப்பு நிறக் கவரில். அதைப் போட்டு பூட் செய்து பென்டிரைவைச் செருகினால், விண்டோஸில் ஒளிந்திருந்த அத்தனையும் வெட்டவெளியில் வரிசையாக நிற்கும். செருகியதும் வைரஸைத் தானாக ஓடவைக்கும் ஆட்டோரன் ஃபைல், போலி ஃபோல்டர், எல்லாம். தேர்ந்தெடுத்து டெலீட். பத்து நிமிஷம், ஐம்பது ரூபாய். அந்த சிடி எனக்குச் சோறு போட்டது. லினக்ஸ் மேல் எனக்கு இருக்கும் பிரியத்துக்கு வேர் அங்கேதான்.

அந்தப் பிரியத்துக்கு நான் செய்த துரோகத்தையும் சொல்லிவிடுகிறேன். 2011-ல் அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். பாஸ் நம்மூர்ச் சரக்கு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் செய்தது. பிள்ளைகள் லேப்டாப்பைக் கொண்டுவந்து "அண்ணே, அந்த பாஸை மட்டும் தூக்கிவிட்டுருங்க, இடத்தை அடைக்குது" என்பார்கள். நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு தூக்கினேன். எத்தனை என்று கணக்கில்லை. உசிலம்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்தாள், "இது எதுக்குண்ணே இருக்கு?" என்று கேட்ட ஒரே ஆள் அவள்தான். பாதி நேரம் விளக்கிச் சொல்லிவிட்டு அதையும் தூக்கித்தான் கொடுத்தேன், கேம் போட இடம் வேண்டுமாம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் பள்ளிக்கூடங்களில் லினக்ஸ்தான் சொல்லித்தருகிறார்கள், வாத்தியார்களுக்கும் முதலில் பயிற்சி கொடுத்தார்கள். இங்கே பெட்டியை மட்டும் கொடுத்தோம்.

இப்போது என் அக்கா மகனுக்கு வருகிறேன். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். "மாமா, லினக்ஸுக்கு வைரஸே கெடையாது, விண்டோஸ்ங்கறதே ஒரு வைரஸ்" என்று ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்புக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை சொல்வான். அவன் சொல்வதில் முக்கால்வாசி நியாயம் இருக்கிறது. லினக்ஸில் புரோகிராம் வேண்டுமென்றால் அந்தந்த டிஸ்ட்ரோவின், அதாவது லினக்ஸ் வகையின், களஞ்சியத்திலிருந்து எடுப்பதுதான் வழக்கம், யூடியூபுக்குக் கீழே இருக்கும் லிங்கில் இருந்து அல்ல. இறக்கிய ஃபைல் தானாக ஓடாது, ஓடுவதற்கு உரிமை கொடுக்க வேண்டும். சிஸ்டத்தில் கைவைக்க பாஸ்வேர்டு கேட்கும். விலை இல்லாததால் கிராக்கும் இல்லை, கிராக் இல்லாததால் பருப்பு மண்டிக்கு வந்த மாதிரி வருகிற பாதையே பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. கடைசிக் காரணத்தை மட்டும் அவன் சொல்லமாட்டான், மேஜையில் வைத்து லினக்ஸ் ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர், திருடனுக்குக் கட்டுப்படியாகாது.

ஆனால் அவனிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. அட்மின் பாஸ்வேர்டு எதைக் காக்கிறது? சிஸ்டத்தை. சிஸ்டம் போனால் எனக்கு நாற்பது நிமிஷ வேலை, திரும்பப் போட்டுவிடுவேன். பாட்டி போட்டோவும் நாலு மாசக் கணக்கும் இருப்பது உன் சொந்த ஃபோல்டரில், அதைத் திறக்க, மாற்ற, பூட்ட உனக்கு முழு உரிமை உண்டு. நீ ஓட்டுகிற புரோகிராமுக்கும் அதே உரிமைதான். பூட்டிவிட்டுப் பணம் கேட்பவனுக்கு ரூட் என்ற அட்மின் உரிமை எதற்கு? லினக்ஸிலும் நீயாக உரிமை கொடுத்து ஒரு ஃபைலை ஓட்டினால் அது உன் வீட்டை முழுக்கப் பூட்ட முடியும். இந்த விஷயத்தில் விண்டோஸ் 10-ல் 2017 கடைசியில் ஒரு வசதி வந்தது, குறிப்பிட்ட ஃபோல்டர்களில் தெரியாத புரோகிராம் எதுவும் எழுத முடியாமல் தடுக்கும். நல்ல வசதி. வழக்கம்போல ஆஃப் செய்தே கொடுக்கிறார்கள்.

அப்புறம், லினக்ஸுக்கு வைரஸ் இல்லை என்கிறவர்கள் அண்ணாந்து சுவரைப் பார்க்க வேண்டும். விளக்குத்தூண் ஜவுளிக்கடைகளில் இருந்து தெருமுனை மெடிக்கல் வரை தொங்குகிற சிசிடிவி கேமராவின் டிவிஆர் பெட்டிக்குள் ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ்தான். 2016-ல் மிராய் என்று ஒரு வைரஸ் வந்தது. அது எந்த நுணுக்கமான ஓட்டையையும் தேடவில்லை, கம்பெனி போட்டுக் கொடுத்த பேரும் பாஸ்வேர்டும் அறுபது ஜோடி கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகத் தட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். லட்சக்கணக்கில் பெட்டிகள் மாட்டின, அவற்றை ஒன்றாகத் திருப்பிவிட்டு அக்டோபர் 21-ல் அமெரிக்காவில் பாதிப் பெரிய தளங்களைத் திறக்க முடியாமல் செய்தார்கள். நான் சர்வீஸுக்குப் போகும் கடைகளில் இன்றைக்கும் டிவிஆர் பாஸ்வேர்டைக் கேட்டால் ஓனர் பெருமையாகச் சொல்வார், "அட்மின், ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சுண்ணே, மறக்காம இருக்கணும்ல."

லினக்ஸின் பெரிய பலம் என்று சொல்வது, அதன் நிரல் எல்லார் கண் முன்னாலும் திறந்து கிடப்பது. நிறையக் கண் பார்த்தால் ஓட்டை சீக்கிரம் தெரியும். நானும் ரொம்ப நாள் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன். ஆனால் 2014-ல், லினக்ஸில் கட்டளை தட்டுகிற பேஷ் என்ற நிரலில் கண்டுபிடித்த ஷெல்ஷாக் என்ற ஓட்டை கால் நூற்றாண்டாக அங்கேயே இருந்தது. 2022-ல் தெரியவந்த பிடபிள்யூஎன்கிட் (PwnKit) என்ற ஓட்டை 2009-ல் இருந்து இருந்தது, அதை வைத்து சாதாரண யூசர் அப்படியே ரூட் ஆகிவிடலாம். கண் நிறைய இருந்தது, பார்க்கத்தான் ஆளில்லை.

இதிலெல்லாம் என்னைத் தூங்கவிடாதது எக்ஸ்இசட் விவகாரம். எக்ஸ்இசட் என்பது ஃபைலைச் சுருக்குகிற ஒரு சின்ன நிரல். எல்லா லினக்ஸிலும் இருக்கும், யாரும் கவனிப்பதில்லை, வீட்டு சம்ப் தொட்டி மாதிரி. அதைப் பராமரித்தவர் தனி ஆள், சம்பளம் இல்லாத வேலை, உடம்பும் மனசும் களைத்துப் போயிருந்தவர். ஜியா டான் என்ற பேரில் ஒருத்தர் 2021-ல் வந்து உதவ ஆரம்பித்தார். திருத்தம் அனுப்பினார், பொறுமையாகப் பேசினார். அதே நேரத்தில் வேறு சிலர் வந்து, வேலை மந்தமாக நடக்கிறது, இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று அந்தப் பழைய மனுஷனைக் குடைந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் சாவி ஜியா டான் கைக்குப் போனது. இரண்டு வருஷத்துக்கு மேல் பொறுமையாக இருந்துவிட்டு, 2024 பிப்ரவரியில் வந்த பதிப்பில் பின்வாசல் ஒன்றை வைத்தார். அது பரவியிருந்தால் உலகத்தில் பாதி சர்வருக்குள் அவர் நினைத்தபோது நுழைந்திருக்கலாம். கண்டுபிடித்தது எந்தப் பாதுகாப்பு நிறுவனமும் இல்லை. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற டேட்டாபேஸ் ஆள், தன் மெஷினில் வெளியிலிருந்து நுழைகிற எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி அதிகமாக எடுக்கிறதே என்று எரிச்சல்பட்டு நோண்டியிருக்கிறார். மார்ச் 29, பெரிய வெள்ளி அன்று ஊருக்குச் சொன்னார். சோதனைப் பதிப்புகளோடு நின்றது. அவர் வேலை பார்த்தது மைக்ரோசாஃப்டில் என்பதை என் மருமகனிடம் சொன்னபோது அவன் குழம்பில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

நிரல் திறந்து கிடந்ததால்தான் அவரால் தோண்டிப் பார்க்க முடிந்தது, அதையும் சொல்ல வேண்டும். மூடிய சிஸ்டத்தில் அரை நொடி தாமதமானால் நாம் என்ன செய்வோம், ரேம் போதவில்லை என்று என்னிடம்தான் வருவோம்.

மேக் பற்றி என்னால் அதிகம் சொல்ல முடியாது, மதுரையில் என் கைக்கு வருவது கல்யாண ஆல்பம் போடும் ஸ்டுடியோக்களிலிருந்தும் இரண்டு ஆர்கிடெக்டுகளிடமிருந்தும்தான். பாதுகாப்பில் நன்றாகவே செய்திருக்கிறார்கள். சிஸ்டம் இருக்கும் பகுதியையே தனியாக சீல் வைத்து, யாரும் எழுத முடியாமல் வைத்துவிட்டார்கள். ஆனால் அங்கேயும் 2012-ல் ஃப்ளாஷ்பேக் என்ற வைரஸ் ஆறு லட்சம் மேக்கைப் பிடித்தது. 2017 நவம்பரில் யூசர் பேரில் 'ரூட்' என்று அடித்து, பாஸ்வேர்டைக் காலியாக விட்டு, இரண்டு மூன்று தடவை தட்டினால் உள்ளே விட்டது. எஸ்கேப் தட்டி நுழைந்த விண்டோஸ் 98 நினைவுக்கு வந்து வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த நாளே சரி செய்துவிட்டார்கள்.

மூன்றுக்கும் உள்ள நிஜமான வித்தியாசம் என்று எனக்குப் படுவதை, மீனாட்சியம்மன் கோயிலை வைத்துச் சொல்கிறேன். 2018 பிப்ரவரி 2-ம் தேதி ராத்திரி, கோயிலுக்குள்ளே வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகள் இருந்த இடத்தில் தீப்பிடித்தது. வளையலும் பொம்மையும் பிளாஸ்டிக்கும் விற்கிற கடைகள். நாங்கள் சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுத கடைகள் அவை. மண்டபத்தின் மேற்கூரை சரிந்தது, கல்தூண்கள் வெடித்தன. மறுநாள் காலை சித்திரை வீதியில் நின்ற கூட்டத்தில் நானும் நின்றேன், யாரும் சத்தமாகப் பேசவில்லை. வெளியில் எவ்வளவு பெரிய மதில். வாசல்தோறும் போலீஸ், ஸ்கேனர், பை சோதனை. தீ மதிலைத் தாண்டி வரவில்லை. உள்ளே வாடகைக்கு இருந்த கடையில் தொடங்கியது. அதற்கப்புறம்தான் உள்ளே இருந்த கடைகளைக் காலி செய்யச் சொன்னார்கள்.

2024 ஜூலை 19-ல் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத்திரை காட்டிப் படுத்தது நினைவிருக்கும். நம் ஏர்போர்ட்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த படமெல்லாம் வந்தது. அது வைரஸ் இல்லை. வைரஸைத் தடுக்க வைத்த கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள், ஒரு தப்பான ஃபைலைத் தன் எல்லா மெஷினுக்கும் அனுப்பிவிட்டது. ஒரு மென்பொருள் தடுக்கி விழுந்தால் அதுதானே விழ வேண்டும், மொத்த சிஸ்டமும் ஏன் விழுந்தது? அது கெர்னலுக்குள், அதாவது சிஸ்டத்தின் மூலக்கருவுக்குள், கடை போட்டிருந்தது. கருவறைக்குப் பக்கத்திலேயே. விண்டோஸில் ஆன்டிவைரஸ்காரர்களையும் டிரைவர்காரர்களையும் அங்கே உட்காரவிட்டது பல வருஷப் பழக்கம். ஆப்பிள் 2019-லிருந்தே இப்படிப்பட்ட கடைகளை மெல்ல மெல்லக் கெர்னலுக்கு வெளியே நகர்த்த ஆரம்பித்துவிட்டது, கடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள், அவர்கள் கேட்கவில்லை. மைக்ரோசாஃப்ட் அந்த ஜூலைக்குப் பிறகுதான் அதே வேலையில் இறங்கியிருக்கிறது. லினக்ஸ் இதில் இரண்டுங்கெட்டான், டிரைவர் எல்லாம் கெர்னலுக்குள்தான், ஆனால் பெரும்பாலானவை கோயில் ஆட்களே பார்த்துப் பார்த்துச் சேர்த்தவை.

இப்படி ஆராயாமல் சிலர் ஓட்டைகளை எண்ணி மார்க் போடுவார்கள். இந்த வருஷம் லினக்ஸுக்கு இத்தனை ஆயிரம், விண்டோஸுக்கு இத்தனை நூறு, ஆகவே விண்டோஸ் சேஃப். லினக்ஸ் கெர்னல் குழு 2024 பிப்ரவரியிலிருந்து ஓட்டைகளுக்குத் தானே நம்பர் கொடுக்க ஆரம்பித்தது, சந்தேகம் என்றாலே ஒரு நம்பர் போட்டுவிடுகிறார்கள், எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறிவிட்டது. வருகிற புகாரையெல்லாம் எழுதிக்கொள்கிற ஸ்டேஷனில் குற்றம் நிறையத் தெரியும், எழுதவே எழுதாத ஸ்டேஷனில் ராமராஜ்யம். மார்க் போட வேண்டுமென்றால் ஓட்டைகள் விற்கிற சந்தையின் விலையைப் பார்க்கலாம். ஓட்டைகளை விலைக்கு வாங்கிய ஜீரோடியம் என்ற கம்பெனி 2019 செப்டம்பரில் விலைப்பட்டியல் போட்டது: ஆள் எதையும் தொடாமலே ஆண்ட்ராய்டு போனைக் கைப்பற்றும் வழிக்கு 25 லட்சம் டாலர், ஐபோனுக்கு 20 லட்சம். ஆண்ட்ராய்டு என்றாலே ஓட்டை என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு இடி.

ஆண்ட்ராய்டின் அமைப்பு உண்மையிலேயே நல்ல அமைப்பு. அடியில் லினக்ஸ். ஒவ்வொரு ஆப்பையும் தனித்தனி யூசராக நடத்துகிறது, ஒரு ஆப் இன்னொன்றின் அறைக்குள் எட்டிப் பார்க்க முடியாது. கம்ப்யூட்டரில் லோகோ சாஃப்ட்வேர் டேலி கணக்கைத் தொட்டதே, அது இங்கே நடக்காது. ஆனாலும் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் எங்கள் தெரு அண்ணாச்சிக்குத் தை மாசம் 48,000 ரூபாய் போனது. முகூர்த்த நாள், மல்லிகை விலை எகிறிக் கிடக்கிறது, விடியற்காலை நாலரை மணி, ஒரு கையில் தராசு. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வருகிறது. அவர் தொழிலுக்கு ஒரு நாளைக்கு நாலு பத்திரிகை வரும். தொட்டார். போன் கேட்டது: இந்த இடத்திலிருந்து ஆப் போடலாமா? சரி. மெசேஜ் படிக்கலாமா? சரி. பத்திரிகை என்ற பேரில் வந்தது ஏபிகே, அதாவது ஆப் போடுகிற ஃபைல். வந்த ஓடிபி எல்லாம் எங்கேயோ போய்க்கொண்டே இருந்தது. "நாலு தடவ கேட்டுச்சுப்பா, நான்தான் நாலு தடவயும் சரின்னேன்" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார். சைபர் குற்றப் புகாருக்கான 1930-க்கு அடித்துப் புகார் கொடுத்தோம், கொஞ்சம் பணத்தை நிறுத்தி வைத்தார்கள்.

ஒவ்வொரு அறைக்கும் தனிப்பூட்டு இருந்ததால்தான் திருடன் அவரிடமே சாவி கேட்க வேண்டி வந்தது. ஐபோனாக இருந்திருந்தால்? அந்த ஃபைல் அதில் திறக்கவே திறக்காது, சரி சொல்ல வாய்ப்பே வந்திருக்காது. பெகாசஸ் மாதிரி உளவு மென்பொருளை வைத்து உளவுக்காரர்கள் ஐபோனுக்குள்ளும் புகுந்தார்கள், ஆனால் பூக்கடை அண்ணாச்சியைப் பிடிக்க யாரும் பெகாசஸ் வாங்கப் போவதில்லை. அதிகாலை நாலரைக்குத் தராசோடு நிற்கிறவரிடம் கேள்வி கேட்டுப் பதிலை வைத்து முடிவெடுக்கிற சிஸ்டம் எதையும் நான் முழுசாக நம்ப மாட்டேன். பெரிய எழுத்தில் சிவப்பாகக் கேட்டாலும் சரி. தப்பு நடக்கத்தான் செய்யும், நடந்த பிறகு தீ எத்தனை அறைக்குப் பரவுகிறது என்றுதான் இப்போதெல்லாம் பார்க்கிறேன். அந்தக் கணக்கில் போன்தான் கம்ப்யூட்டரைவிட மேல். விண்டோஸோ லினக்ஸோ மேக்கோ, மேஜைக் கம்ப்யூட்டரில் பழைய வழியில் போடுகிற புரோகிராமுக்கு இன்னும் வீடு முழுக்கத் திறந்துதான் கிடக்கிறது, மேக் மட்டும் ஓரிரு அறைக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறது.

சரி, பருப்பு மண்டிக்கு வருவோம். லினக்ஸ் போடவில்லை. டேலிக்கு விண்டோஸ் வேண்டும், கணக்குப்பிள்ளைக்கு வயது அறுபத்தெட்டு, அவர் கை போகும் இடத்தை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. காசு கொடுத்து ஒரிஜினல் விண்டோஸ் 11 வாங்க வைத்தேன். முதலாளி கொஞ்சம் முனகினார், நாலு மாச பில்லை நினைவுபடுத்தினேன், முனகல் நின்றது. மகனுக்குச் சாதாரண அக்கவுண்ட். அட்மின் பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மடித்து முதலாளி கையில் கொடுத்தேன், அவர் அதை இரும்புப் பெட்டியில் நகை அடகுச் சீட்டோடு வைத்துவிட்டார். அந்த ஃபோல்டர் பாதுகாப்பு வசதியை ஆன் செய்தேன்.

குடோனில் ஒரு பழைய மெஷின் தூசி அடைந்து கிடந்தது. விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கு வழக்கமான ஆதரவு முடிவதாக இருந்தது, ஒரு வருஷம் நீட்டிக்க ஏற்பாடு இருந்தது என்றாலும் 11-க்கு அது தாங்காது. அதில் லினக்ஸ் மின்ட் போட்டேன். மெயில், யூடியூப், வாட்ஸ்அப், லோகோ, எல்லாக் கூத்தும் இனி அங்கேதான், கணக்கு மெஷினில் கிடையாது. இரண்டு மெஷின் எதற்கு என்று முதலாளி கேட்டார். 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வைரஸ் என்று செய்தி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா என்றேன். அது நெட்டோடு இருந்த ஆபீஸ் வேலை மெஷினில் வந்தது, உலையை ஓட்டுகிற நெட்வொர்க் தனி, அங்கே போகவில்லை என்று அணுமின் கழகமே சொன்னது. "அணு உலைக்குச் செய்றத பருப்புக்குச் செய்யணுமாக்கும்" என்றார். ஆனால் மேஜை ஒன்றை ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்.

பேக்கப்புக்கு இரண்டு டிஸ்க். ஒன்று கடையில், ஒன்று வீட்டில், சனிக்கிழமை ராத்திரி மாற்றிக்கொள்ள வேண்டும். எடுத்ததும் கழற்றிவிட வேண்டும், இதை மூன்று தடவை சொன்னேன், கணக்குப்பிள்ளை பேரேட்டின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதிக்கொண்டார்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் போன்.

"அண்ணே, பாஸ்வேர்டு கேக்குதுண்ணே."

"எதுல?"

"டேலி மெஷின்லதான். ஒரு சின்ன சாஃப்ட்வேர்ண்ணே, பிடிஎஃப்ப எடிட் பண்றது. ஃப்ரீதான்."

"அப்பா பெட்டியில இருக்கு, வாங்கிப் போடு."

"அப்பா பழனிக்குப் போயிருக்காருண்ணே. நாளன்னைக்குத்தான் வருவாரு. உங்களுக்குத் தெரியும்ல?"

"எனக்குத் தெரியாது. சீட்டுல எழுதுனதோட சரி."

பொய்தான், தெரியும். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மண்டியின் சத்தம் மட்டும் கேட்டது, யாரோ உளுந்து மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார்கள். "சரிண்ணே, அந்தப் பச்சைக் கம்ப்யூட்டர்லயே பண்ணிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தான். மின்ட்டுக்கு அவன் வைத்திருக்கும் பேர் அது.